சுத்தமான சிறுநீரகங்கள்

திரையின் இடது ஓரத்தில் மறுபடியும் அந்தச் சதைப் பிசிறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும். மணி மூன்றேகால். கேட்டிருப்பது ஒரே ஒரு படம், அதிலும் இந்தக் குப்பை.

படத்தில் இருப்பது எலிக்கருவின் சிறுநீரகம். கருவுக்கு வயது பதினோரு நாள். கடுகை நாலாக நறுக்க முடிந்தால் அதில் ஒரு துண்டு அளவுதான் இருக்கும். ஊசிமுனை இடுக்கிகள் இரண்டைக் கொண்டு அதைப் பிரித்தெடுக்க வேண்டும். சுற்றி ஒட்டியிருக்கும் சதையைக் கழித்துவிட்டு, சாயம் ஏற்றி, லேசர் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், ரத்தக்குழாயாகப் போகிற செல்கள் மட்டும் சிவப்பாக ஒளிரும்.

கழிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. அதில் இந்தக் கட்டடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற ஆய்வகங்களிலிருந்து வந்து, நான் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாலு வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் சிறுநீரகங்கள். எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். உள்ளே சிவப்புத் துணுக்குகள் தனித்தனியாகக் கிடக்கும். எதற்கும் வெளியே தொடர்பு இருக்காது.

ஆகவே, சிறுநீரகம் தன் முதல் ரத்தக்குழாய்களைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது என்பது என் கட்டுரை. இல்லை, வெளியிலிருந்துதான் கிளை நுழைகிறது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கெல்லாம் என் பதில். என் வேலை நிரந்தரமாவதும் இதை நம்பித்தான்.

எல்லாம் முடிகிற நேரத்தில், பத்திரிகைக்காகக் கட்டுரையை மதிப்பிட்ட மகானுபாவர் ஒருவர் இன்னும் ஒருநாள் இளைய கருவில் ஒரு படம் கேட்டார். அந்த வயதுக் கரு கைவசம் இல்லை. உறைபெட்டியைக் குடைந்து, என் வீட்டுக்காரரின் தட்டிலிருந்து பழைய குப்பி ஒன்றைக் கண்டுபிடித்து, நாலு நாள் ஊறவைத்துச் சாயம் ஏற்றினேன்.

அவரும் இதே ஆய்வகத்தில்தான் டெக்னீஷியன். வீட்டில் ஈரத்துண்டு கட்டில்மேல் கிடக்கும், பேஸ்ட் மூடி வாஷ்பேசினுக்குள் கிடக்கும். இங்கே வந்தால் சிறுநீரகத்தோடு பாதிக் கருவும் சேர்ந்து கிடக்கிறது. ஒரு மனிதர் எத்தனை இடத்தில்தான் என் உயிரை வாங்குவார்?

“ஏங்க, ஒரு சாம்பிளையாவது ஒழுங்கா சுத்தம் பண்ணி வைக்க மாட்டீங்களா?”

பக்கத்து அறையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழுந்திருக்காது.

சரி, ஓரத்தை வெட்டித் தொலைக்கலாம் என்று படத்தின் மேல் வெட்டுச் சட்டத்தை இழுத்தேன். வெட்டுவதற்கு முன் நல்ல கோணம் தேடி ஒருமுறை சுழற்றினேன்.

பிசிறுக்குள் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. கருவின் பெருந்தமனி. அதிலிருந்து முடியைவிட மெல்லிய ஒரு கிளை பிரிந்து, நேராகச் சிறுநீரகத்துக்குள் போய்ப் பரவியிருந்தது.

எங்காவது அறுந்திருக்கும் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. வேறு பக்கம் திருப்பினேன். அங்கும் அறுந்திருக்கவில்லை.

என் இடுக்கி எப்போதும் முதலில் போகிற இடம் அது. அங்கே பிடித்து இழுத்தால் சுற்றுச்சதை முழுக்க ஒரே உரியாக வந்துவிடும். அதைப் பார்க்கத்தான் மற்றவர்கள் வருவார்கள். இருநூறு தடவையும் சுத்தம் என்ற பெயரில் அந்தக் கிளையைத்தான் கிள்ளி எறிந்திருக்கிறேன்.

சட்டம் இன்னும் படத்தின் மேலேயே இருந்தது. ஒரு சொடுக்கு போதும். ஓரம் போய்விடும், கட்டுரை போய்விடும், ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

பொய் சொல்வானேன், விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர் ஒழுங்காகச் சுத்தம் செய்து வைத்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று வயிறு எரிந்தது.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். படத்தைப் பார்த்தார். சட்டத்தையும் பார்த்தார். மேசைமேல் இருந்த காலிக் குப்பியை எடுத்து, அதன் பின்பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

நீல மையில் ‘வீண்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

“நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எடுத்தது இது. சுத்தமா வரலன்னு ஒவ்வொண்ணுக்கும் அழுதுட்டு குப்பையில போடச் சொன்ன. எனக்குத்தான் மனசு வரல.”

அப்போது நாங்கள் பேசிப் பழகியிருக்கக்கூட இல்லை.

சட்டத்தை நீக்கினேன். பத்திரிகைக்கு, படம் இன்று வராது, முடிவும் மாறக்கூடும் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். நாலு வருட உழைப்பு போயிற்று. அவர்மேல் எரிந்து விழவும் இனி வழியில்லை.

அவர் போய் உறைபெட்டியின் அடித்தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பனி அப்பிய ஒரு பெட்டியை என் முன்னால் வைத்துத் திறந்தார்.

உள்ளே குப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ‘வீண்’ என்று நீல மையில் எழுதியிருந்தது. எண்ணினேன். இன்னும் பதினொன்று.

அத்தனை முறை அழுதிருக்கிறேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.