பதினான்காம் வாரத்துப் படம்

பதினான்காம் வாரத்து ஃப்ரேமில் மட்டும் படம் இல்லை.

அதற்குள் ஒரு வெள்ளை அட்டையைச் செருகி, அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 'இந்த வாரப் படம் எங்கும் கிடைக்கவில்லை. வைத்திருக்கும் வாசகர்கள் தந்து உதவ வேண்டுகிறோம்.'

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பக்கத்தில் நின்ற தங்கை வேதவல்லியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அந்த அட்டையைப் படித்தாள்.

ஓவியர் துருவன் போய்ச் சேர்ந்த பிறகு, அடையாறில் அவன் வீட்டையே மியூசியமாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் நல்ல கூட்டம். பத்திரிகை வந்ததும் யார் முதலில் படம் பார்ப்பது என்று வீட்டில் சண்டை வரும் என்று ஒரு மாமி உருகிக்கொண்டிருந்தாள்.

உருகட்டும். அவள் வீட்டுப் பெண்ணை அவன் வரையவில்லை.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த மகானுக்கு வீடும் கிடையாது, பேரும் கிடையாது. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக்கு எதிர் மேன்ஷனில், மாடி அறை ஒன்றில் குடியிருந்தான். ஒரு வார இதழின் தொடர்கதைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

பதினான்காம் வாரத்தில் கதாநாயகி மொட்டை மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் மொட்டை மாடி. எங்கள் வேதவல்லி. அந்தத் தெற்றுப்பல்கூட அப்படியே இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். நேராக என்றால், எதிர் ஜன்னலை.

தெருவில் வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் என் கண்ணில் பட்டுவிட்டது. நான்தான் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? அண்ணன் என்று ஒருவன் பின்னே எதற்கு இருக்கிறான்?

மறுநாளே அவள் காலேஜுக்குப் போவது நின்றது. தை பிறந்ததும் கும்பகோணத்தில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தோம். கணக்கில் யாரும் கிட்டே வர முடியாதவள், மூத்தாள் பெற்ற குழந்தைகளுக்குத் தலை வாரிவிடப் போனாள்.

எல்லாம் அந்தப் படுபாவியால் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த இதழை ஊரெல்லாம் தேடினேன். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள், மயிலாப்பூரில் லெண்டிங் லைப்ரரிகள், தி. நகரில் சலூன்கள், எதையும் விடவில்லை. தொடர்கதையை வாராவாரம் கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருக்கும் வீடுகளில், படித்துவிட்டுத் தருகிறேன் மாமி என்று இரவல் கேட்பேன். பிளேடால் அந்த ஒரு தாளை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பேன். நல்ல பிள்ளை என்று காப்பிகூடக் கொடுப்பார்கள்.

அறுத்ததெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. மிச்சத்தைக் கரையானும் பழைய பேப்பர்காரனும் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகையே நொடித்துப்போய் நின்றுவிட்டது. அங்கிருந்த மூலப் படங்களும் அதோடு போயின.

துருவன் மட்டும் நொடிக்கவில்லை. பட்டம், பொன்னாடை, அடையாறில் வீடு. மேடை மேடையாக அவனைக் கொண்டாடினார்கள். எனக்கு எரிந்தது. அவனை என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் சுவரில் இந்த ஒரு ஓட்டையைத்தான் போட முடிந்தது.

இதைக் காட்டத்தான் வேதவல்லியை டெலிபோனில் கூப்பிட்டு வரவழைத்தேன். துருவனுக்கு மியூசியம் திறந்திருக்கிறார்கள், வா, என்று மட்டும் சொன்னேன். உடனே வந்துவிட்டாள். பிளேடு, அடுப்பு எல்லாவற்றையும் இன்று காலை காப்பி சாப்பிடும்போதுதான் அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சுரிதார் போட்ட பெண் ஒருத்தி வந்தாள். துருவனின் பேத்தியாம்.

"தாத்தா கடைசி வரைக்கும் இந்த ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தாரு சார். மத்ததெல்லாம் பொழப்புக்குப் போட்டது, இது ஒண்ணுதான் படம்னு சொல்லுவாரு."

தேடட்டும். செத்த பிறகும் தேடட்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது.

வேதவல்லி கைப்பையைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து, நூல் போட்டுச் சேர்த்துக் கட்டிய இரண்டு அட்டைகளை எடுத்தாள். நிதானமாக முடிச்சை அவிழ்த்தாள். நடுவில் ஒரு தாள் இருந்தது. ஓரம் கொஞ்சம் பழுத்திருந்தது, ஆனால் ஒரு மடிப்பு கிடையாது. அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

பேத்தி தாளைப் பார்த்தாள். வேதவல்லியின் முகத்தைப் பார்த்தாள்.

"கீழே என் பேர் போடணும்மா. வேதவல்லி, பி.எஸ்ஸி. கணிதம், முதல் வருஷம்னு போடு" என்றாள் என் தங்கை. "மத்த எல்லாப் பிரதியையும் தேடிப் பிடிச்சு எரிச்சது யாருங்கறதையும் அதுக்குக் கீழேயே போட்டுடு. எங்கண்ணாதான். இதோ நிக்கறார். ஸ்ரீனிவாசராகவன்."

உருகிக்கொண்டிருந்த மாமி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

பேத்தி தாளைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தாள். ஃப்ரேமிலிருந்து அந்த வெள்ளை அட்டையை உருவி, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள்.

"இனிஷியல் என்ன சார்?" என்று கேட்டாள்.