இமைமேல் ஒரு கை

கையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

புருஷனின் கண்கள் இரண்டும் அவள் உள்ளங்கைக்குக் கீழே இருந்தன. தலைமாட்டில் மூச்சு இயந்திரம் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. சின்ன வயதுதான். கையில் கேமரா மாதிரி ஒரு கருவி. 'கண்ணைக் கொஞ்சம் பார்க்கணும்' என்றுதான் சொன்னார்.

அது போதுமாக இருந்தது.

பஸ் டெப்போவில் முகாம் போட்டபோது கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்தவன் அவன். கண்டக்டர்களில் முதல் கையெழுத்து தன்னுடையது என்று வீட்டில் வந்து ஒரே பீற்றல்.

முந்தாநாள் ஓடும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். நினைவுதான் வரவில்லை.

இன்று மத்தியானம் அவன் தம்பி எசக்கிமுத்து அந்தத் தான அட்டையை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினான்.

"அண்ணன் ஆசை, மைனி."

அழுதுகொண்டேதான் சொன்னான். இருந்தாலும் அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. அப்படி என்ன அவசரம், பாவிக்கு.

"உயிரு இருக்குல்லா டாக்டரம்மா. அதுக்குள்ள எடுக்க வந்துட்டியளே."

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கருவியைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"எடுக்க வரலக்கா. மூளைக்கு ஆக்சிஜன் போகுதான்னு பாக்கணும். மண்டைக்குள்ள எட்டிப் பாக்க முடியாது. கண்ணுக்குள்ள பாக்கலாம். ரெண்டுக்கும் ஒரே பைப்புலதான் ரத்தம் வருது. பக்கத்து வீட்டுல தண்ணி வந்தா..."

"நம்ம வீட்டுலயும் வரும்."

"அநேகமா" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் ரொம்பக் கறுத்திருந்தா, ஆக்சிஜன் பத்தலன்னு அர்த்தம்."

இப்போது வேறு பயம் வந்தது. முந்தியதைவிடப் பெரியது.

கையை எடுத்தாள்.

சொட்டு மருந்து விட்டார்கள். காத்திருந்தார்கள். இமையைத் தூக்கிப் பிடிக்க நர்ஸ் வந்தாள்.

"நான் பிடிச்சுக்கிடுதேன்."

திரையில் செக்கச்செவேல் என்று ஒரு வட்டம். அதற்குள் வேர் விட்ட மாதிரி ரத்தக் குழாய்கள். இத்தனை வருஷம் பார்த்த கண். உள்ளே இப்படி இருக்கும் என்று யார் கண்டது.

பயத்தில் அவளுக்கு அந்தக் குழாய்கள் எல்லாமே கறுப்பாகத் தெரிந்தன.

டாக்டரம்மா ஒருமுறை அளந்தார். இன்னொருமுறை அளந்தார். அவள் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்சிஜன் போகுதுக்கா. நல்லாவே போகுது."

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"எப்ப முழிப்பாருன்னு இது சொல்லாது. அதையும் நான் சொல்லிடணும்."

"சரிம்மா."

இமையை மெதுவாக மூடிவிட்டாள். குனிந்து அதன்மேல் முத்தம் கொடுத்தாள். நர்ஸ் இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

வெளியே வந்தபோது எசக்கிமுத்து நின்றிருந்தான். வெயிலில் வந்த முகம். அட்டையை நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. ஆனால் கோபம் போயிருந்தது.

"இன்னொரு நடை போயிட்டு வாய்யா. உங்க அண்ணன் கண்ணாடி டிவி பக்கத்துல கெடக்கு. தொடச்சு எடுத்துட்டு வா."