கண்ணாடியில் நாலு புள்ளி

“இது எப்படி வந்தது?”

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனின் மூக்குக் கண்ணாடி அவள் கையில் இருந்தது. இடது கண்ணாடியில் கடுகு கடுகாய் நாலு வெள்ளைப் புள்ளிகள்.

“ஏதாவது தூசியா இருக்கும். குடு, நேரமாச்சு.”

“தூசியா? சோப்புப் போட்டுக் கழுவியாச்சு, நகத்தால சுரண்டியாச்சு. அசையலை.”

அவன் ஏற்கெனவே போட்டிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டான்.

வேறு யாரிடமாவது இந்தப் பொய் செல்லுபடியாகியிருக்கும். அவளோ பன்னிரண்டு வருஷமாக வெளிச்சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள்.

“இது சிலிகேட் பெயிண்ட். மத்த பெயிண்ட் மாதிரி சுவர் மேல ஒட்டிக்கிட்டு, அப்புறம் உரிஞ்சு வராது. பூச்சுக்குள்ளயே இறங்கி அதோட ஒண்ணாயிடும். கண்ணாடில பட்டா அரிச்சிடும், எத்தனை கழுவினாலும் போகாது. இந்த ஊர்ல இப்ப இதை அடிக்கிற வீடு ஒண்ணே ஒண்ணு. நான் வேலை பார்க்கிற மாடி வீடு!”

அவன் திருதிருவென்று முழித்தான். அந்த மாடி வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள்.

“நேத்து ஆபீஸ்லேர்ந்து எப்பக் கிளம்பினீங்க?”

“ஆறு... ஆறரை இருக்கும்.”

“வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு ஆபீசுக்குப் போன் பண்ணேன். நாலு மணிக்கே கிளம்பிட்டாராமே ஐயா?”

“ஒரு சின்ன வேலை...”

“பூசி மெழுகாதீங்க!” அவள் குரல் உடைந்தது. “ஜன்னல் கண்ணாடியெல்லாம் பாழாயிடக் கூடாதுன்னு அந்த வீட்டை நானே பாலிதீன் போட்டு மூடி வச்சிருக்கேன். உள்ள யார் இருக்கா, யார் வர்றா, எனக்கு எப்படித் தெரியும்? வெயில் தாழ்ந்தாத்தான் இதை அடிக்கணும்னு, ஏழு மணி வரைக்கும் சாரத்துல நின்னு கை ஒடிய அடிக்கிறேன். நான் வெளிய தொங்குறேன், நீங்க உள்ள...”

வாசல் கதவோரம் அவள் துணிமணி அடைத்த பை தயாராக இருந்தது.

“கடைசியாக் கேக்கறேன். உண்மையைச் சொல்லலைன்னா இப்பவே எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அந்த வீட்டுக்கு வந்தீங்களா, இல்லையா?”

“வந்தேன்.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எத்தனை நாளா?”

“நேத்து மட்டும்தான். ஆனா வீட்டுக்குள்ள போகலை.” அவன் தலை நிமிரவே இல்லை. “பெயிண்ட்னா வெயில்லதானே சீக்கிரம் காயும்? வெயில் தாழ்ந்தாத்தான் அடிக்க முடியும்னு நீ சொன்னதை நான் நம்பலை. ஏழு மணி வரைக்கும் யாரோட இருக்கேன்னு பார்க்கணும்னு வந்தேன். சாரத்துக்குக் கீழ செடி மறைவுல நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். உன் பிரஷ்லேர்ந்துதான் தெறிச்சது.”