மான்தலைக்கு மாலை

“இஞ்சேருங்கோ, ஒரு கண் வாசலைப் பார்க்குது, மற்றக் கண் குசினி அடுப்பைப் பார்க்குது. வாயும் கோணல். இதைக் கொண்டுபோய் எறியுங்கோ!” என்றாள் புனிதவதி.

“என்ர கொம்பனி பொஸ் வேட்டையில தானே சுட்டு, தானே பாடம் செய்து தந்த மான்தலை. இண்டைக்குச் சாப்பிட வாறார். சுவரில இல்லாட்டிக் கோவிப்பார்” என்றார் சபாரத்தினம்.

கழுத்துத் தையல் விட்டு வைக்கோல் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க, செத்துப்போன மாமனாரின் படத்திலிருந்த பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி மானுக்குப் போட்டாள் புனிதவதி.

சாப்பிட வந்த பொஸ்ஸுக்கு மாலையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

“நீங்கள் இதைக் கும்பிடுகிறீர்களா! என் மனைவி இன்று வீட்டிலிருந்த மான்தலைகள் எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டாள்.”

சபாரத்தினம் பெருமையோடு தலையாட்டினார்.

பொஸ் கார்ச் சாவியை எடுத்தார்.

“மிச்சம் ஆறும் காரில்தான் இருக்கின்றன. மாலை போதுமா?”