டாக்டர் பேசியாச்சா?

"யாரைக் கேட்டு இந்தக் கட்டத்தைச் சேர்த்த?"

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் பிரிவின் தலைவர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஜெட்' என்று பெயர். எந்த வேலையும் அவருக்கு நேற்றே முடிந்திருக்க வேண்டும்.

எதிரே நின்ற புரோகிராமர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். பரிசோதனை முடிவு பதிவானதும், அது ஒரு செய்தியாகக் கிளம்பி அந்த நொடியே நோயாளியின் போனுக்குப் போய்விடும். ஜெட் மார்தட்டிக்கொண்ட ஏற்பாடு. இவளோ அந்தச் செய்திக்குள் புதிதாக ஒரு கட்டம் வைத்துவிட்டாள்: 'டாக்டர் பேசியாச்சா?' முடிவு மோசமாக இருந்தால், டாக்டர் அதில் 'ஆம்' என்று போடும்வரை செய்தி நகராது. டாக்டரின் திரையில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

"காலையிலேருந்து ஒண்ணு நிக்குது பாரு. தள்ளி விடு!"

"டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க சார். வந்ததும் பேசிடுவாங்க."

"யாரோ ஒருத்தரோடது. அதுக்கு நீ ஏன் காவல் நிக்கிற?"

"தனியா உட்கார்ந்து போன்ல படிக்க வேண்டாமேன்னுதான் சார்..."

"முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறது எவ்வளவு கொடுமைன்னு உனக்கென்ன தெரியும்?"

அவருக்குத் தெரியும். மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. போன வாரம்தான் இதே ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். "வந்துச்சா?" என்று அவள் போன் பண்ணும்போதெல்லாம், "ஒண்ணும் இருக்காது, போ" என்று இவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள அந்தக் கட்டத்தைத் தூக்கு. இல்லேன்னா வேற வேலை தேடிக்க."

"சரி சார். இந்த ஒண்ணு மட்டும் போகட்டும். எடுத்துடறேன்."

மூணு மணிக்கு அவர் மறுபடி அவள் திரைமுன் வந்து நின்றபோது, அவர் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க... டாக்டரம்மா கூப்பிட்டாங்க. தங்கச்சி பக்கத்துல வந்து உட்கார்ற வரைக்கும் விஷயத்தையே சொல்லல." அழுதாள். "நாம பயந்ததுதாங்க. ஆனா ஆரம்பம்தானாம், சரி பண்ணிடலாம்னாங்க. கேட்டதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்னாங்க. தனியா இருக்கறப்ப போன்ல பார்த்திருந்தேன்னா, அங்கேயே விழுந்திருப்பேன்."

"இதோ வரேன்டி. அழாதே, வந்துட்டே இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். திரையில் நின்றிருந்த அந்த ஒன்று போய்விட்டிருந்தது.

"போயிடுச்சு சார். இப்ப கட்டத்தை எடுத்துடறேன்."

"எடுக்காதேம்மா." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "அது யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? செய்தியில பேர் வரக்கூடாது, நம்பர் மட்டும்தான்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள். "யாரோ ஒருத்தரோடதுதான் சார்."