சாவி வாங்கிக்கொள்ள ஒருவர்

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. ஏழாவது தெருவின் பொதுக் கருவி அறைக்கு முன்னால் போட்டிருந்த முப்பத்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் காலை பதினொரு மணிக்கே நிரம்பிவிட்டன.

பூட்டிய அறைக்குள் இரண்டு ஏணிகள், ஒரு டிரில்லிங் மெஷின், தண்ணீர் இறைக்கும் மோட்டார், ஒரு சக்கர நாற்காலி. தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கிடைக்கும். எலக்ட்ரீஷியனாக இருந்த கணவர் இறந்தபின், அவருடைய கருவிப்பெட்டியை வைத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தையல்கார அக்கா தொடங்கியது இது. தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை அவரேதான் திறந்து வைத்திருந்தார்.

மகளுடைய பிரசவத்துக்காக அக்கா மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். வர மூன்று மாதமாகும். வாடகை வாங்காமல் அறையை விட்டிருந்த வீட்டுக்காரர் போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குள் வேறொருவர் பொறுப்பேற்காவிட்டால் அறை கார் ஷெட் ஆகிவிடும்.

"இந்த அறை நம்ம தெருவோட இதயம்," என்று தொடங்கினார் சங்கத் தலைவர். இதயத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். உள்ளே எத்தனை ஏணி இருக்கிறது என்று சொல்லும்போது மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆதரவு தருவதற்கு வழிகளா இல்லை? வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். அக்காவின் பயணச் செய்திக்கு அவர்களில் நூற்றுத் தொண்ணூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அறைக்கு ஒரு சின்னம் வரையலாம் என்றார் ஒருவர். சின்னம் போட்ட பனியன் அடிக்கலாம் என்றார் இன்னொருவர். பனியனின் நிறத்தை முடிவுசெய்ய ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அங்கேயே அமைந்தது.

"சாவி?" என்றார் அக்கா.

"நான் மனசளவுல எப்பவும் உங்ககூட இருக்கேன்க்கா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மனசு வந்து கதவைத் திறக்காதே தம்பி."

டியூஷன் டீச்சர் எழுந்தார். "என்னை எப்ப வேணா கூப்பிடுங்க. சாயங்காலம் மட்டும் முடியாது."

"அறை திறக்கறதே சாயங்காலம்தானே டீச்சர்?"

"அதான், முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாதில்ல?"

மணி பதினொன்றே முக்கால் ஆயிற்று. தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, நேரடியாவே கேக்கறேன். சாவியை யார் வாங்கிக்கறீங்க? கை தூக்குங்க."

முப்பத்தாறு பேருக்கும் ஒரே சமயத்தில் போனில் அவசரச் செய்தி வந்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்த நீலச் சட்டைக்காரர் கையைத் தூக்கினார்.

முதலில் கைதட்டியவர் டியூஷன் டீச்சர். பிறகு தெருவே தட்டியது. கூட்டம் வழிவிட, நீலச் சட்டைக்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு முன்னால் வந்து பூட்டிய கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு என்ன அகலம் இருக்கும்மா?"

"மூணரை அடி. சக்கர நாற்காலி தாராளமா போகும்," என்றார் அக்கா.

"பத்தாதுங்க. இடிச்சுப் பெரிசாக்கணும்."

"பாத்தீங்களா? வந்த நிமிஷமே வளர்ச்சியைப் பத்தி யோசிக்கிறாரு. இவரை மாதிரி நாலு பேர் போதும்ங்க," என்றார் தலைவர். மீதி மூன்று பேர் யாராக இருக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். நீட்டிய பிறகும் சாவியை விடுவதற்கு அவருடைய கை சற்று யோசித்தது.

"டிரில் பிட்டை எண்ணி வாங்குங்க. மோட்டாரைத் தொடைக்காம உள்ள வைக்காதீங்க. மூணாவது வீட்டு மாமாவுக்கு செவ்வாய்க்கிழமை சக்கர நாற்காலி வேணும், ஆஸ்பத்திரி போகணும். அது மட்டும் மறந்துடாதீங்க, தம்பி. வேற வழி கிடையாது அவருக்கு."

"சரிங்கம்மா. சொல்லிடறேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு வாரமாக இந்த ஒரு கைக்காகத்தான் அவர் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். புதிய பொறுப்பாளர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக நோட்டில் எழுதினார்கள். தலைவர் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். குழுவில் அது ஏறிய உடனே பதினோரு இதயம் விழுந்தது.

நோட்டை எழுதிய மருந்துக்கடைக்காரர் பேனாவோடு நிமிர்ந்தார். "உங்க வீட்டு நம்பர் சொல்லுங்க சார். உங்களை நம்ம தெருவுல பாத்த மாதிரியே இல்லையே?"

"நான் இந்தத் தெரு இல்லீங்க. ஷட்டர் கடை. கார் ஷெட்டுக்கு அளவெடுக்க வந்தேன். யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க, பன்னெண்டு மணிக்குப் போய் சாவியை வாங்கிக்கன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. நான்தான் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன்."

பன்னிரண்டு அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வேறு கை எதுவும் உயரவில்லை.