நாற்பத்தாறாவது வளைவு

காரவள்ளியில் முதல் வளைவுக்கு முன்னால் இரண்டு கார்களும் உறுமிக்கொண்டு நின்றன.

முன்னால் என் அண்ணன் அப்பாஸ் அலியின் பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார். கையால் கியர் போடுவது. பின்னால் என்னுடைய சிவப்பு. பெங்களூரில் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

பந்தயம் இதுதான். கொல்லிமலையின் எழுபது வளைவுக்குள் நான் முந்திவிட்டால் அண்ணன் பச்சைக் காரின் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். முந்தாவிட்டால் நான் ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

போன வருஷம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அண்ணன். அவர் அந்தக் காரை வெளியே எடுத்தால் திரும்பி வரும்வரை எங்கள் அம்மா தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

என்னுடையதில் கிளட்ச் கிடையாது. கியர் கம்பி கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில், அவ்வளவுதான். வலதைத் தட்டினால் கியர் ஏறும், இடதைத் தட்டினால் இறங்கும். இது மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி நேற்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

உட்கார்ந்து பார்த்தார். வலது பேடிலை மட்டும் ஒரு தட்டு தட்டினார். இறங்கிவிட்டார்.

"பொம்மைக் காருடா இது அப்சரு. வண்டின்னா கை பேசோணும்."

இதை இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சொன்னார். ஒரு வருஷமாக இதே மிடுக்குதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்காகத்தான் பந்தயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி பொய். பிறந்ததிலிருந்து நான் அவரை ஒன்றிலும் ஜெயித்ததில்லை.

அவர் பக்கத்து சீட்டில் நஜிமா அண்ணி. இப்போதெல்லாம் அண்ணி ஏறாமல் வண்டி நகராது. பொண்டாட்டி முந்தானையை விடமாட்டார் என்று அவருடைய டயர் கடையில் எல்லோரும் கேலி செய்வார்கள். நானும்தான்.

கிளம்பினோம்.

பத்தாவது வளைவுக்குள் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. நான் விரலைத் தட்டுவதற்குள் அவருடைய கார் கியர் மாறி வளைவைத் தாண்டியிருந்தது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு இழுவை இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த ஆள் ஓட்டுகிற வண்டியா இது என்று வயிறு எரிந்தது.

முப்பதில் நெருங்கினேன். முப்பத்தெட்டில் இடித்துவிடுவேன் போலிருந்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றும் இல்லை.

நாற்பத்தாறில் மேலிருந்து பஸ் வந்தது. கூரையெல்லாம் பலாப்பழம்.

ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அதை பஸ்காரரிடம் யார் போய்ச் சொல்வது? ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பினார். அண்ணன் பாறையை ஒட்டி ஒதுங்கி நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேரையும் உரசாத குறையாக பஸ் இறங்கிப் போனது.

என் நேரம் வந்துவிட்டது. செங்குத்தான ஏற்றத்தில் நின்ற கியர் வண்டியைக் கிளப்புவது லேசு இல்லை. கிளட்சும் ஆக்ஸிலேட்டரும் ஹேண்ட்பிரேக்கும் ஒன்றாக நடக்க வேண்டும், கொஞ்சம் தவறினாலும் வண்டி பின்னால் உருளும். எனக்கு ஒரு கால் போதும்.

வலது பக்கமாக ஏறி அவருக்குச் சமமாக வந்தேன். டாட்டா காட்டத் திரும்பினேன்.

அண்ணனின் வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இடது கை பாக்கெட்டை விட்டு வெளியே, மடியில், மல்லாந்து கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. வண்டி அதிர்ந்தபோது அதுவும் கூடவே ஆடியது.

கியர் கம்பியின் மேல் இருந்தது கண்ணாடி வளையல் போட்ட கை.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கிளட்சை மிதித்ததும் கம்பி முதல் கியருக்குப் போனது. அடுத்த நொடி அதே கை ஹேண்ட்பிரேக்கை இறக்கியது. கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை.

நேற்று அவர் ஏன் இடது பேடிலைத் தொடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் கார் அவரைத் தாண்டி அரை வண்டி தூரம் முன்னால் போயிருந்தது. மேலே ரோடு காலி. வலது பேடிலில் விரல் இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் சாவி என் கையில்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

பச்சைக் கார் என்னைத் தாண்டிப் போனது. அவர் ஓட்டுவதைத் தடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். அன்றைக்கு அழுகைதான் வந்தது. மீதி இருபத்து நான்கு வளைவும் ஒரு பஸ் நீளம் விட்டே போனேன்.

எழுபதாவது வளைவில் அண்ணன் காரில் சாய்ந்து நின்றார். இடது கை பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

"என்ன கண்ணு, பொம்மைக்கு மூச்சு வாங்குதா?"

"ஆமாங்கண்ணா. ஏத்தத்துல இழுக்கல."

சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே ரோட்டோரக் கடைக்கு அன்னாசிப்பழம் வாங்கப் போனார்.

அண்ணி பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றினார். அண்ணன் தூரம் போன பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாப்பத்தாறுல நீங்க முன்னாடி போன சத்தம் கேட்டுச்சுங்க தம்பி. காலை எடுத்த சத்தமும் கேட்டுச்சு."

வளையல் குலுங்க வலது கையால் டீயை நீட்டினார்.